தரை தொடாத கால்கள்

நாற்காலி வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறார்கள். உட்கார்ந்து பார்ப்பார்கள், பஞ்சை அமுக்குவார்கள், ஒருமுறை பின்னால் சாய்ந்து ஆடுவார்கள், விலை கேட்பார்கள். கடைக்காரர் தம் பங்குக்கு 'ஹைட்ராலிக்', 'மெஷ் பேக்', 'லம்பார் சப்போர்ட்' என்று அடுக்குவார். இரண்டு நிமிடத்தில் பேரம் படிந்துவிடும். இரண்டு நிமிடத்துக்கு எந்த நாற்காலியும் சுகமாகத்தான் இருக்கும். ஆறு மணி நேரம் கழித்து அது எப்படி இருக்கும் என்று சொல்லக்கூடிய பொருள் அந்தக் கடையிலேயே இல்லை. வாங்குபவரின் மேசைதான் அது. நாற்காலியைத் தனிப்பொருளாக நினைத்து வாங்குவதே முதல் தவறு என்பது என் கருத்து. முதுகைத் தாங்குமா என்று பார்ப்பதற்கு முன்னால், மேசைக்கு ஏற்ற உயரத்தில் உட்கார்ந்தபின் பாதம் தரையில் படிகிறதா என்று பார்க்க வேண்டும்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்தியப் பெண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 152 செ.மீ. பாதம் தரையில் முழுவதும் பதிந்து முழங்கால் மடிந்திருக்கும்போது, தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை உள்ள உயரம் உடல் உயரத்தில் சுமார் கால் பங்கு. செருப்பையும் சேர்த்தால் 40 செ.மீ. அந்த உயரமுள்ள பெண்ணுக்குப் பொருந்தும் இருக்கை அவ்வளவு உயரம்தான் இருக்கலாம். அதில் அமர்ந்து தோளைத் தளரவிட்டுக் கையை மடித்தால், முழங்கை இருக்கைக்கு மேல் 20 முதல் 22 செ.மீ. உயரத்தில் நிற்கும். ஆக, விசைப்பலகை இருக்க வேண்டிய இடம் தரையிலிருந்து 60, 62 செ.மீ. ஆனால் அலுவலக மேசையோ வழக்கமாக 75 செ.மீ., தச்சர் கணக்கில் இரண்டரை அடி. நடுவே ஐந்து அங்குலம் இடிக்கிறது. அதை உடம்பில் ஏதோ ஒரு பகுதி சுமந்தாக வேண்டும். நாற்காலியைத் தாழ்த்தினால் தோள் தூக்கிக்கொள்ளும். மாலைக்குள் கழுத்து இறுகிவிடும். உயர்த்தினால் கால் தொங்கும். இருக்கையின் முன்விளிம்பு தொடையின் அடியில் அழுத்தும், கால் மரத்துப்போகும், அதிலிருந்து தப்பிக்க உடம்பு தானாகவே முன்னுக்கு நகர்ந்து விளிம்பில் தொற்றிக்கொள்ளும். பத்தாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய முதுகுச்சாய்வு அப்போது யாருக்கும் உதவாமல் பின்னால் நிற்கும். 165 செ.மீ. உயரமுள்ள ஆணுக்கும் இந்த இடைவெளி மறைந்துவிடுவதில்லை. மூன்று அங்குலத்துக்குக் குறையாமல் மிஞ்சும்.

இதெல்லாம் அந்தக் காலத்து அலுவலகத்துக்குத் தெரிந்துதான் இருந்தது. தட்டச்சுப் பொறிக்கென்று செய்த மேசை எழுதும் மேசையைவிட மூன்று நான்கு அங்குலம் தாழ்ந்திருக்கும். பொறியின் விசைகள் மேசைப்பரப்புக்கு மேலே உயர்ந்து நிற்பதால், மேசையைத் தாழ்த்தினால்தான் கை இயல்பான உயரத்தில் இருக்கும் என்பது அதைச் செய்தவர்களுக்குப் புரிந்திருந்தது. பின்னால் கணினி வந்தபோது மேசைக்கு அடியில் இழுத்துத் தள்ளும் கீபோர்ட் தட்டு அந்த வேலையைச் செய்தது. பார்க்க அழகில்லாத அந்தத் தட்டைப் போல உடம்புக்கு உதவிய அலுவலகச் சாமான் வேறு இல்லை என்றே சொல்லலாம். மடிக்கணினி வந்தது, தட்டு போயிற்று. திரையும் விசையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதால், கைக்கு ஏற்ற உயரத்தில் வைத்தால் தலை குனிகிறது, கண்ணுக்கு ஏற்ற உயரத்தில் வைத்தால் தோள் தூக்குகிறது. இந்தச் சிக்கலை எந்த நாற்காலியாலும் தீர்க்க முடியாது. தனி விசைப்பலகை ஒன்று வாங்கி, மடிக்கணினியை நாலைந்து தடித்த புத்தகங்களின் மேல் தூக்கி வைத்தால் தீரும்.

அப்படியானால் சராசரி உடலுக்கு ஏற்ற அளவில் மேசையும் நாற்காலியும் செய்து எல்லோருக்கும் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். 1950இல் அமெரிக்க விமானப்படை இதே கேள்வியை எதிர்கொண்டது. கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் ஆய்வாளர் 4,063 விமானிகளின் உடல் அளவுகளை எடுத்துக்கொண்டு, விமானி அறை வடிவமைப்புக்கு முக்கியமான பத்து அளவுகளில் எத்தனை பேர் சராசரிக்கு அருகே வருகிறார்கள் என்று எண்ணினார். பத்திலும் சராசரியாக இருந்தவர் ஒருவர்கூட இல்லை. நீண்ட கை உள்ளவருக்குக் கால் குட்டையாக இருக்கலாம்; மார்பு அகன்றவருக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கலாம். சராசரி மனிதருக்காகச் செய்த இருக்கை உண்மையில் யாருக்குமே பொருந்தாத இருக்கை என்று தெரிந்தபிறகுதான் விமானி இருக்கைகள் அவரவர் அளவுக்கு மாற்றிக்கொள்ளும்படி அமைந்தன. அலுவலக நாற்காலிக்கும் இதே நியாயம்தான். 1994இல் வெளிவந்த ஏரான் என்ற அலுவலக நாற்காலி சட்டையைப் போல மூன்று அளவுகளில் விற்கப்பட்டது. நமக்கென்று அளவுப் பட்டியல் இல்லை என்றும் சாக்குச் சொல்ல முடியாது. இந்திய உடல் அளவுகளைத் தொகுத்து தேப்குமார் சக்ரவர்த்தி எழுதிய நூலை அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997இலேயே வெளியிட்டுவிட்டது. இருந்தும் நம் சந்தையில் பல நாற்காலிகளை முழுக்கத் தாழ்த்தினாலும் இருக்கை 43, 45 செ.மீ. உயரத்தில் நின்றுவிடுகிறது. கடையில் முதலில் நாடா பிடித்துப் பார்க்க வேண்டியது அந்த அளவைத்தான். அடுத்தது இருக்கையின் ஆழம்: முதுகு சாய்வில் பட உட்கார்ந்தபிறகு முழங்கால் மடிப்புக்கும் இருக்கை விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். கைப்பிடி மேசை விளிம்பில் இடித்து ஆளை மேசையிடம் நெருங்கவிடாமல் தடுத்தால், கைப்பிடியே இல்லாத நாற்காலி மேல்.

முதுகைப் பற்றி நாம் சொல்லிக்கொள்ளும் பாடங்களில் பாதி பள்ளிக்கூட வாத்தியார் சொன்னவை. 'நிமிர்ந்து உட்கார்' என்பது மரியாதைக்கான பாடம், மருத்துவம் சொன்னதாகத் தெரியவில்லை. அமெரிக்க மருத்துவர் கீகன் 1953இல் எக்ஸ்-ரே படங்களை வைத்து, தொடைக்கும் உடலுக்கும் இடையே கோணம் ஏறத்தாழ 135 பாகையாக விரியும்போதுதான் இடுப்பு முதுகெலும்பு தன் இயல்பான வளைவில் இருக்கிறது என்று காட்டினார். 2006இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் 22 பேரை உட்கார வைத்து எடுத்த ஸ்கேன் படங்களும் அதே பக்கம்தான் சாய்ந்தன. ஸ்வீடனின் நாக்கெம்சன் 1960களில் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்து, நிற்பதைவிட உட்கார்ந்திருக்கும்போது அழுத்தம் கூடுகிறது என்றார். 1999இல் ஜெர்மனியில் வெளியான அளவீடு தளர்ந்து உட்கார்ந்தால் அப்படிக் கூடுவதில்லை என்றது. ஆனால் அது ஒரே ஒரு மனிதரிடம் எடுத்த அளவு. அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகாத இடம் இது. ஆனாலும், செங்குத்தாக விறைத்து உட்கார்வதே உத்தமம் என்பதற்கு இவற்றில் எதுவும் ஆதரவாக இல்லை. சற்றே பின்சாய்ந்து, அவ்வப்போது கோணத்தை மாற்றிக்கொள்ள விடும் சாய்வுதான் வேண்டியது. அசையாமல் இறுக்கிப் பிடிக்கும் சாய்வு எவ்வளவு மெத்தென்றிருந்தாலும் வீண். இப்போது மோஸ்தராகிவிட்ட 'கேமிங் சேர்' பந்தயக் காரின் இருக்கையைப் பார்த்துச் செய்தது. அதன் பக்கவாட்டு மேடுகள் வேகமாக வளைவில் திரும்பும்போது ஓட்டுநர் சரியாமல் பிடித்துக்கொள்வதற்காக ஏற்பட்டவை. வரவு செலவுக் கணக்கு எழுதுகிறவர் எந்த வளைவில் திரும்பப் போகிறார்?

நம் அலுவலகங்களில் இதையெல்லாம்விடப் பெரிய தடை ஒன்று உண்டு. நாற்காலி இங்கே பதவியின் உருவம். தலைக்கு மேல் உயர்ந்த சாய்வு, அதன்மேல் வெள்ளைத் துண்டு என்றால் அதிகாரி. இடுப்பளவுச் சாய்வு, கைப்பிடி இல்லை என்றால் தட்டச்சர். நாளில் பாதி கூட்டங்களிலும் சுற்றுப்பயணத்திலும் கழிக்கிறவருக்கு உயர்ந்த நாற்காலியும், காலை பத்து மணி முதல் எழுந்திருக்காமல் பதிவேற்றம் செய்கிறவருக்கு ஓரம் கிழிந்த ரெக்ஸினும் போய்ச் சேருகின்றன. அந்தத் துண்டே ஒரு சாட்சிதான். வியர்வையை வெளியே விடாத உறையை நம் வெயிலில் போட்டதால்தானே அது தேவைப்படுகிறது! பழைய அரசு அலுவலகங்களின் பிரம்பு பின்னிய மர நாற்காலிக்குத் துண்டு வேண்டியிருக்கவில்லை. காற்றோட்டத்தில் அதன் பக்கம் நிற்கக்கூடியது இன்றைய வலைச்சாய்வு ஒன்றுதான்.

நாற்காலியில் என்ன இருக்கிறது, எழுந்து நடந்தால் போதாதா என்று கேட்பவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைத் தொகுத்து 2016இல் லான்செட் இதழ் வெளியிட்ட ஆய்வில், எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கூடும் மரண அபாயம், நாள்தோறும் 60 முதல் 75 நிமிடம் வேகநடை போன்ற உடலுழைப்பு செய்கிறவர்களிடம் மறைந்துவிட்டது. ஆனால் அது ஆயுளைப் பற்றிய கணக்கு. பிற்பகல் மூன்று மணிக்குத் தோளில் ஏறும் வலியைப் பற்றி அது பேசவில்லை. நின்றுகொண்டே வேலை செய்யும் மேசையும் மாற்றாகிவிடவில்லை. 83,000க்கும் மேற்பட்ட பிரிட்டன்வாசிகளின் தரவைக் கொண்டு சிட்னி பல்கலைக்கழகத்தினர் 2024இல் வெளியிட்ட ஆய்வு, அதிகமாக நிற்பதால் இதயநோய் அபாயம் குறையவில்லை, நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்பவர்களுக்கு நரம்புச் சுருட்டு போன்ற ரத்த ஓட்டக் கோளாறுகள் கூடுகின்றன என்றது. நம் ஊர் ஜவுளிக்கடை ஊழியர்களைக் கேட்டிருந்தால் ஆய்வில்லாமலே சொல்லியிருப்பார்கள்.

தாத்தாக்கள் தரையில்தானே கணக்கு எழுதினார்கள் என்பது அடுத்த வாதம். உண்மைதான், நாற்காலி நம் வீடுகளுக்குள் தாமதமாகத்தான் வந்தது. ஒரு கிராமத்துக் குடும்பம் நாற்காலி செய்து வைத்துக்கொண்டு பட்ட பாட்டை கி. ராஜநாராயணன் தனிக் கதையாகவே எழுதியிருக்கிறார். ஆனால் கணக்குப்பிள்ளைக்கு முன்னால் இருந்த சாய்மேசை அவர் உட்கார்ந்திருந்த தரைக்கு ஏற்ற உயரத்தில் இருந்தது. சம்மணத்தை அவர் நினைத்தபோது கலைத்துக் காலை நீட்டிக்கொள்ளவும் முடிந்தது. மேசைக்கும் இருக்கைக்கும் இருந்த அந்தப் பொருத்தத்தைத்தான் நாம் கோட்டைவிட்டோம். பயிற்சி கொடுத்தால் போதும், செலவு எதற்கு என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. பெஞ்சமின் ஆமிக் குழுவினர் 2003இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், அளவு மாற்றத்தக்க நாற்காலியோடு பயிற்சியும் பெற்ற ஊழியர்களிடம் நாள் முழுக்க ஏறிக்கொண்டே போகும் வலி குறைந்தது. பயிற்சி மட்டும் பெற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. எதையும் மாற்ற முடியாத நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு எப்படி உட்கார்வது என்று வகுப்பெடுப்பதில் என்ன பயன்?

பணம் இல்லை என்ற மறுப்புதான் கனமானது. அதனால்தான் பாதத்திலிருந்து தொடங்கச் சொல்கிறேன். பாதத்துக்கு அடியில் ஐந்து அங்குல உயரத்தில் சாய்வாகச் செய்து வைத்த ஒரு பலகை, மேலே சொன்ன கணக்கில் இடித்த இடைவெளியை அப்படியே நிரப்பிவிடும். நாற்காலியை மேசைக்கு ஏற்ப உயர்த்திக்கொள்ளலாம். மரத்துண்டும் தச்சரின் அரை நாள் கூலியும் போதும். புது நாற்காலிக்கு ஒதுக்கிய தொகையில் பலருக்குச் செய்துவிடலாம்.

தமிழ்நாடு 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் அனைவருக்கும் ஏற்ற இருக்கை வசதி இருக்க வேண்டும் என்று எழுதியது. கேரளம் 2018இல் காட்டிய வழி அது. நாளெல்லாம் நின்றவர்களை உட்கார வைக்க வந்த அந்தச் சட்டத்தை வரவேற்காமல் இருக்க முடியாது. ஆனால் 'ஏற்ற' என்றால் என்ன என்பதைச் சட்டம் சொல்லவில்லை. ஒரு பிளாஸ்டிக் முக்காலியைக் காட்டியும் ஆய்வாளரை அனுப்பிவிடலாம். ஐரோப்பியக் கூட்டமைப்பு 1990இலேயே திரைமுன் வேலை செய்கிறவர்களுக்கான விதியில் விளக்கமாக எழுதிவிட்டது: இருக்கையின் உயரம் மாற்றத்தக்கதாக இருக்க வேண்டும், முதுகுச்சாய்வின் உயரமும் கோணமும் மாற்றத்தக்கவையாக இருக்க வேண்டும், விரும்பிக் கேட்பவருக்குக் கால்தாங்கி தர வேண்டும். நம் விதிகளில் இந்த மூன்றையும் சேர்க்க ஒரு பத்தி போதும். அரசே மொத்தமாக வாங்கும்போது, இருக்கை 38 செ.மீ. வரை தாழ வேண்டும் என்று ஒப்பந்தப்புள்ளியில் ஒரு வரி கூட்டலாம். யாருக்கு எந்த நாற்காலி என்ற பட்டியலில் பதவிப் பெயருக்குப் பக்கத்தில் அவர் நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் உட்கார்கிறார் என்று ஒரு கட்டம் போடலாம். கால்தாங்கியை மட்டும் இன்னும் ஒருபடி மேலே போய், யாரும் மனு எழுதிக் கேட்காமலே ஒவ்வொரு மேசையின் அடியிலும் போட்டுவிடலாம்.