வீதி உப்பும் நன்னீரின் எதிர்காலமும்

கனடாவில் பனிக்காலம் தொடங்கியதும் வீதிகளில் உப்புத் தூவப்படுவது வழமையான நடவடிக்கையாகும். ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 50 இலட்சம் தொன் உப்பு இவ்வாறு பயன்படுத்தப்படுகின்றது. இலங்கையிலிருந்து புலம்பெயர்ந்தோர் பெருந்தொகையாக வாழும் ரொரன்டோ நகரமும் இதற்கு விதிவிலக்கல்ல. உறைபனியில் வாகனங்கள் சறுக்கி உயிர்கள் பலியாவதை உப்பு தடுக்கின்றது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், அதற்குச் செலுத்தப்படும் விலையைக் கணக்கில் எடுக்காதிருக்க முடியாது.

பனியோடு கரைந்தோடும் உப்பு அழிந்துவிடுவதில்லை. அதிலுள்ள குளோரைட்டு ஓடைகளையும் ஏரிகளையும் நிலத்தடி நீரையும் சென்றடைகின்றது. நீர்வாழ் உயிரினங்களின் நீண்டகாலப் பாதுகாப்புக்கெனக் கனடா வகுத்துள்ள எல்லை, லீற்றருக்கு 120 மில்லிகிராம் குளோரைட்டாகும். ஒரு தேக்கரண்டி உப்பே ஏறத்தாழ 25 லீற்றர் தூய நீரை அந்த எல்லைக்கு அப்பால் கொண்டுசெல்லப் போதுமானது.

கட்டுமானங்களும் தப்புவதில்லை. ஒன்ராறியோவின் எலியட் லேக் நகரில் 2012 ஜூனில் வணிக வளாகமொன்றின் கூரை வாகனத் தரிப்பிடம் இடிந்து வீழ்ந்து இரு பெண்கள் உயிரிழந்தனர். பல்லாண்டுகளாகக் கசிந்த உப்புநீர் உருக்குச் சட்டத்தை அரித்திருந்ததை விசாரணை ஆணைக்குழு வெளிப்படுத்தியது.

வீதி உப்பு சுற்றாடலுக்குத் தீங்கானது என 2001 இல் கனேடிய மத்திய அரசின் மதிப்பீடு முடிவு செய்தது. ஆனால், 2004 இல் வெளியானதோ கட்டாயமற்ற நடைமுறைக் கோவை மாத்திரமே. அதிலும், அது பெரும்பாலும் அரச வீதிகளையே கருத்திற் கொண்டது. தனியார் தரிப்பிடங்களில், எவராவது சறுக்கி விழுந்து வழக்குத் தொடுப்பாரோ என்ற அச்சத்தில் ஒப்பந்தக்காரர்கள் தேவைக்கதிகமாக உப்பை வாரியிறைக்கின்றனர். பாகை செல்சியஸில் மறை 10 இற்குக் கீழே சாதாரண உப்பின் பயன் வெகுவாகக் குன்றிவிடும் என்பதும் அங்கு கவனிக்கப்படுவதில்லை.

அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலம், பயிற்சியும் சான்றிதழும் பெற்று அளவோடு உப்பிடுவோருக்குச் சட்டப் பாதுகாப்பு வழங்கியுள்ளது. பனி பெய்யுமுன்னரே உப்புக் கரைசலைத் தெளிப்பதும் உப்பின் தேவையைக் குறைக்கும். உப்பை முற்றாகக் கைவிடுமாறு நாம் கோரவில்லை. அச்சத்தினால் வீணே கொட்டப்படும் பகுதியைக் குறைப்பதற்கான சட்டத்தையே வேண்டுகின்றோம். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தேயாக வேண்டும் என்பர். அந்தத் தண்ணீரே உப்பாகிவிட்டால், அதை மீட்பதற்கு இலகுவான வழி எதுவுமில்லை என்பதை ஆட்சியாளர்கள் உணர வேண்டும்.