கியூவில எழுதின கடிதமும் நம்மட கோட்டையும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா வாசிங்க.

போன கிழமை தரம் 11 வகுப்பில் ஆங்கிலேயர் வந்த பாடம். "கியூ கடிதம் - 1795" என்று பலகையில் எழுதினேன். எல்லாரும் கொப்பியில் எழுதினார்கள். பின்வாங்கில் இருந்த ஒரு மகன் மட்டும் எழும்பிக் கேட்டான்: "சேர், லண்டன்ல இருந்து ஒருத்தர் கடிதம் எழுதினா நம்மட கோட்டைய ஏன் குடுக்கணும்?"

பரீட்சையில் வராத கேள்விதான். ஆனால் பாடமே அதற்குள்தான் இருக்கிறது.

கடிதம் எழுதியவர் ஒல்லாந்தின் தலைவர் ஐந்தாம் வில்லியம். 1795 ஜனவரியில் பிரெஞ்சுப் படை நாட்டுக்குள் வர, இங்கிலாந்துக்குத் தப்பி ஓடினார். அங்கே மன்னர் மூன்றாம் ஜோர்ஜ். இரண்டு பேரும் ஒருவகையில் மச்சான்மார்; வில்லியத்தின் தாயும் ஜோர்ஜின் தந்தையும் கூடப்பிறந்தவர்கள். லண்டனுக்குப் பக்கத்தில் கியூவில் தங்க இடம் கிடைத்தது. பெப்ரவரி 7ஆம் திகதி அங்கிருந்தே ஒல்லாந்தரின் குடியேற்ற நாட்டு ஆளுநர்களுக்கு எழுதினார்: ஆங்கிலப் படையை நண்பர்களாக உள்ளே விடுங்கள், பிரெஞ்சுக்காரர் பிடிக்க விடாதீர்கள் என்று. சமாதானம் வந்ததும் எல்லாம் திருப்பித் தரப்படும் என்பது பேச்சு.

சொந்த நாட்டை இழந்து, அடுத்தவர் வீட்டில் விருந்தாளியாக இருந்த ஒருவர் எழுதிய கடிதம் அது.

கடிதத்தோடு பீரங்கியும் வந்தது. திருகோணமலைக் கோட்டை ஓகஸ்ட் 26இல் விழுந்தது. செப்டம்பர் 18இல் புளியந்தீவில் இருக்கும் நம்மட மட்டக்களப்புக் கோட்டை கைமாறியது. அடுத்த பெப்ரவரியில் கொழும்பு. 1802இல் ஏமியன் உடன்படிக்கை வந்தபோது வேறு பல இடங்களைத் திருப்பிக் கொடுத்த ஆங்கிலேயர், இலங்கையை வைத்துக்கொண்டார்கள்.

அந்த வாவியில் வலை வீசியவரிடமும் இந்தக் கரையில் வயல் செய்தவரிடமும், தமிழரோ முஸ்லிமோ, யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இது முதல் தடவையும் இல்லை. 1638 மே 23இல் இதே மட்டக்களப்பில் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனும் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டும் உடன்படிக்கை செய்தார்கள். பிடிக்கும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை நிற்கலாம், "மன்னன் விரும்பினால்" என்றது மன்னனிடம் இருந்த பிரதி. ஒல்லாந்தரின் பிரதியில் அந்தச் சொற்கள் இல்லை. இரண்டே இரண்டு சொல். அதற்காக எத்தனை வருடச் சண்டை! பிறகு 1766 உடன்படிக்கையில் கரையோரம் முழுவதையும் கண்டி விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது.

செனரத் மன்னன் நம்மவர்களை மட்டக்களப்பில் குடியேற்றினான் என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். அதுவும் கெய்ரோஸ் என்ற போர்த்துக்கேயப் பாதிரியார் எழுதி வைத்ததால் தெரிந்த செய்தி. நம்மைப் பற்றி எழுதியவர்கள் எல்லாம் மற்றவர்கள். நாம் எழுதியது எங்கே?

"பழைய கதை சேர், இப்ப என்னத்துக்கு?" என்று சிலர் கேட்பீர்கள். இப்பவும் அதே கதைதான் என்பது என் கருத்து. வயல் காணிக்கு ஒரு கடிதம் வருகிறது. சிங்களத்தில் இருக்கிறது. வாசிக்கத் தெரியாமல், கூச்சத்தில், "எங்க ஒப்பம் வைக்கணும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வருகிறோம். 1990இலும் சுனாமியிலும் உறுதியும் பெர்மிட்டும் தொலைத்த குடும்பங்கள் எத்தனை! இது நம்மட காணி என்று வாயால் சொன்னால் எந்தக் கந்தோரும் ஏற்காது.

குர்ஆனில் மிக நீளமான ஆயத்து எது? சூரத்துல் பகராவின் 282ஆவது ஆயத்து. தொழுகை பற்றியோ நோன்பு பற்றியோ அல்ல, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றி. அதில் யார் சொல்லி எழுத வேண்டும்? பொறுப்பைச் சுமப்பவர். அவரால் முடியாவிட்டால் அவருடைய பொறுப்பாளர் நீதியாகச் சொல்ல வேண்டும். கியூ கடிதத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. சுமந்தது நாம், சொல்லி எழுதியது வேறு யாரோ.

ஆகவே மூன்று விடயம் கேட்கிறேன்.

ஒன்று: வீட்டில் இருக்கும் பழைய உறுதி, பெர்மிட், மனுக்கடிதம், கடுத்தப் பிரதி எல்லாவற்றையும் பிள்ளைகளைக் கொண்டு படம் எடுத்து இரண்டு இடத்தில் சேமியுங்கள். இறந்துபோன மூத்தவாப்பாவின் பெயரில் இருந்தாலும் சரி.

இரண்டு: பள்ளிவாசல் நிர்வாகங்கள் பழைய கணக்குக் கொப்பிகளையும் கூட்டக் குறிப்புகளையும் கறையானுக்குக் கொடுக்காமல் பாதுகாக்க வேண்டும். நாளைக்கு அதுதான் ஊரின் சாட்சி.

மூன்று: விளங்காத மொழியில் வரும் எந்தக் கடிதத்திலும் ஒப்பம் வைக்காதீர்கள். தமிழில் கேளுங்கள், அது நமது உரிமை. பிரதியையும் கேட்டு வாங்கி, இரண்டும் ஒன்றா என்று பாருங்கள். இராஜசிங்க மன்னனுக்கு நடந்தது நமக்கு நடக்கக் கூடாது.

அந்த மகனுக்கு வகுப்பில் நான் சொன்ன பதில் இதுதான்: "கேக்காமத்தான் குடுத்தாங்க மகன். இனிமேல் கேட்டுத்தான் எழுதணும் என்று சொல்ல நீங்க படிக்கணும்."

உங்கள் வீட்டில் இருக்கும் ஆகப் பழைய கடதாசி எந்த ஆண்டு? கீழே எழுதுங்கள். வஸ்ஸலாம்.