சுமக்கிறவங்க யோசனையையும் கேளுங்க!



நம்ம தூத்துக்குடி சரக்கு வந்து போற ஊர். துறைமுக ரோட்டில் நின்னா கன்டெய்னர் லாரியாத்தான் போகும். அந்தப் பெட்டியில் சரக்கை அடைச்சு அப்படியே கப்பலில் ஏத்தலாம்னு செய்து காட்டியவர் விஞ்ஞானி இல்லை. மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரிக்காரர். 1956-இல் 58 பெட்டிகளோடு அவருடைய கப்பல் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் போனது. அதுக்குப் பிறகு உலகமே அந்த வழிக்கு வந்தது.

பக்கத்துக் கேரளாவைப் பாருங்க. முன்பெல்லாம் ஒரு கரையில் வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்டுவாங்க. கொஞ்ச தூரம் தள்ளி இன்னொரு கரையில் மீனே இருக்காது. 1997 முதல் அங்கே செல்போன் வந்தது. மீனவர்கள் படகிலிருந்தே விலை கேட்டு, விலை உள்ள கரைக்குப் போனாங்க. மீன் வீணாவது நின்றது. பிடிச்சவங்களுக்கு லாபம் கூடியது, வாங்கினவங்களுக்கு விலை குறைந்தது. இதை ராபர்ட் ஜென்சன் என்ற ஆய்வாளர் 2007-இல் எழுதினார்.

நம்ம ஊர்க்காரங்களும் சளைச்சவங்க இல்லை. புதுத் துறைமுகம் 1974-இல் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அதுக்கு முன்னாடி ஆழம் இல்லாததால் கப்பல் தூரத்தில் நிற்கும். சரக்கைக் கொண்டு வந்தது நம்ம தோணிதான். பிறகு அந்தத் தோணிக்கே இன்ஜின் மாட்டி மாலத்தீவுக்குக் காய்கறி கொண்டு போனாங்க.

ஆனால் கரையிலிருந்து தெருத்தெருவா மீன் சுமக்கிற அம்மாக்களுக்கு என்ன புதுசா வந்திருக்கு? அதே கூடை, அதே தலை. ஐஸ் கரைஞ்சிட்டா மத்தியானம் பாதி விலைகூடக் கிடைக்காது. தண்ணி ஒழுகுதுன்னு சில பஸ்ஸில் ஏத்தவும் மாட்டேங்கிறாங்க. ஒழுகாத, ஐஸ் சீக்கிரம் கரையாத, ஒரு ஆளே தூக்கக்கூடிய, விலை குறைஞ்ச ஒரு பெட்டி போதும். குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் தளத்துக்கு 2024-இல் அடிக்கல் வச்ச மாவட்டம் இது. ஒரு மீன் பெட்டி செய்ய முடியாதா?

"படிக்காதவங்களுக்கு என்ன தெரியும்?" என்று சிலர் கேட்கலாம். பாரம் எங்கே அழுத்துதுன்னு சுமக்கிற தலைக்குத்தானே தெரியும்!

எனவே என் கருத்து இதுதான். அறிவியல் கண்காட்சிக்கு வருஷா வருஷம் எரிமலையே வேண்டாம். ஒவ்வொரு குழுவும் மீன் விற்கிறவங்க, உப்பளத்தில் சுமக்கிறவங்க, லோடு ஏத்துறவங்க யாராவது ஒருத்தரிடம் போய், "உங்களுக்கு எது கஷ்டம்? என்ன மாத்தலாம்?" என்று கேட்டு, அதுக்கு ஒரு மாதிரி செய்து வைக்கட்டும். நல்லதுக்குப் பரிசு கொடுங்க. யோசனை சொன்னவங்களையும் மேடைக்குக் கூப்பிடுங்க.

ஆசிரியர்கள் யோசிப்பார்களா?

– 9-ஆம் வகுப்பு மாணவி