குழலை மாற்றுமுன்

பென்னாகரம் பக்கத்து அன்பர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். தகப்பனார் காலத்திலிருந்து லைசென்ஸுடன் வீட்டில் இருந்துவரும் .315 ரைபிளின் குழல் துருவேறிப் பயனற்றுப் போய்விட்டதாம். மாற்றுக் குழல் ஒன்று அகப்பட்டிருக்கிறது. உள்ளூர்க் கொல்லரோ, "பழையதைத் திருகி எடுத்துப் புதியதைத் திருகிவிட்டால் ஆயிற்று" என்கிறாராம். செய்யலாமா என்பது கேள்வி.

கூடாது. கொல்லரின் கைத்திறனில் நமக்குச் சந்தேகம் உண்டென்று எவரும் எண்ண வேண்டாம். அவர் பழகியது வாய் வழியே மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி. அதன் குழலுக்குப் பின்புறம் நிரந்தர அடைப்பு. தோட்டாவும் இல்லை, தாழும் இல்லை. ரைபிளிலோ பின்புறம் ஒவ்வொரு முறையும் திறந்து மூடுகிறது. தொல்லை அங்கேதான் பிறக்கிறது.

தோட்டாவின் அடிப்பாகத்துக்குத் துப்பாக்கிக் கொல்லர்கள் இட்ட பெயர் 'தலை'. (அடியைத் தலை என்றழைத்த புண்ணியவான் யாரோ!) தாழைச் சாத்தியபின் அந்தத் தலை அமர்வதற்குக் கிடைக்கும் இடமே 'ஹெட் ஸ்பேஸ்', நாம் தலையிடம் என்போம். அடியில் விளிம்புள்ள தோட்டாவானால், அந்த விளிம்பு குழலின் பின்முகத்துக்கும் தாழின் முகத்துக்கும் நடுவே நிற்கிறது. போலீஸார் நெடுங்காலம் சுமந்த .303 ரைபிளுக்கு, இராணுவக் கணக்கில், இவ்விடம் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 64 பங்குக்குக் குறையலாகாது. 74 பங்கை எட்டலாகாது. இந்தப் பத்துப் பங்குக்குள்தான் எல்லாம் அடக்கம்.

குறைந்தால் தாழ் சாத்தாது, அவ்வளவில் பிழைத்தோம். மிகுந்தால்தான் அபாயம். வெடிக்கும் கணத்தில் சதுர அங்குலத்துக்குப் பல டன் அழுத்தம் எழுகிறது. பித்தளைக் கூட்டின் மெல்லிய முன்பகுதி அறைச் சுவரை இறுகப் பற்றிக்கொள்ள, கனத்த அடிப்பகுதி மட்டும் பின்னோக்கி நகர்ந்து தாழின் மேல் மோதுகிறது. இரண்டுக்கும் நடுவே பித்தளை இழுபட்டு, விளிம்புக்குச் சற்று மேலே அறுந்துபோகலாம். கொதிக்கும் வாயு அந்த வெடிப்பின் வழியே சுடுகிறவரின் முகத்தை நோக்கி வரும். முதல் தோட்டா ஒழுங்காக வெடித்தது என்பது சாட்சியாகாது. பத்தாவதில் கூடு அறுவதும் உண்டு.

ஆகவே குழலைப் பொருத்துகிறவர் திருகுவதோடு நிற்பதில்லை. எஃகினால் செய்த அளவுக் கட்டைகள் இரண்டு வைத்திருப்பார். ஒன்றை உள்ளே இட்டால் தாழ் சாத்த வேண்டும். மற்றதை இட்டால் சாத்தக் கூடாது. லீ-என்ஃபீல்டு வகையில் தாழின் முனை தனியே கழலும். அதன் நான்காம் எண் ரைபிளுக்கு 0 முதல் 3 வரை இலக்கமிட்ட முனைகளை, ஒன்றைவிட ஒன்று மயிரிழை நீளமாகச் செய்து வைத்திருந்தார்கள். விளிம்பில்லாத தோட்டாவுக்கு இன்னும் நுட்பமான வேலை: தோட்டாவின் தோள் அறைக்குள் போய் முட்டுவதால், அறையையே சிறிது சிறிதாகக் குடைந்து அளவு பார்க்க வேண்டும்.

அன்பரின் ரைபிளுக்கு ஒரு சரித்திரமும் உண்டு. இராணுவத் தோட்டா இந்தியர் வீட்டுத் துப்பாக்கியில் பொருந்திவிடக் கூடாதே என்ற கவலை ஆங்கில ஆட்சிக்கு நிரம்ப இருந்தது. அதனால் ரைபிளின் அமைப்பு லீ-என்ஃபீல்டாகவும், தோட்டா மட்டும் ஆஸ்திரியாவின் பழைய மான்லிக்கர் தோட்டாவாகவும் ஆகிய கலப்புப் பிறவி உருவாயிற்று. இதன் தோட்டாவுக்கும் விளிம்பு உண்டு. ஆனால் மேலே சொன்ன எண்கள் .303-க்கு உரியவை; .315-க்கு அதற்குரிய கட்டைகளே வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கே தனி லைசென்ஸ் தேவை. உடையவரின் லைசென்ஸ் கொல்லருக்கு உதவாது.

அனுமதி பெற்ற துப்பாக்கிக் கடைக்குக் கொண்டுபோகும்போது தாழை வீட்டில் விட்டுவிட வேண்டாம். தாழின் கைப்பிடியிலும் உடலிலும் பொறித்த இலக்கங்கள் ஒன்றுதானா என்று முதலில் பார்க்கவும். வேறாக இருந்தால், குழலை மாற்றுமுன்பே இந்த ரைபிளின் தலையிடம் மாறியிருக்கக்கூடும். அளந்து பார்க்கும் வரை அதில் தோட்டா இடாதிருக்கக் கோருகிறோம்.