வன்தட்டில் ஒரு பாகப்பிரிவினை

"ஐயா, ஒண்டு காணாதோ?" என்று கேட்டார் கணினி திருத்தும் தம்பி. எனது 500 ஜிபி வன்தட்டைப் பிரித்து விண்டோஸையும் லினக்ஸையும் அருகருகே நிறுவித் தரும்படி கேட்டிருந்தேன். (பிரிவினை என்ற சொல்லை எழுத இந்நாட்டில் இன்றும் கை சற்றுத் தயங்கும். இது வன்தட்டைப் பற்றியது மட்டுமே.)

காணாது. பேஜ்மேக்கரில், பாமினி எழுத்துருவில் நான் ஆக்கிய பல ஆண்டுப் பக்கங்கள் என்னிடம் உள்ளன. அந்த மென்பொருளுக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவையோ மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14இல் நிறுத்திவிட்டது. டிபிஎம் 2.0 இல்லாத எனது பழைய கணினியை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. ஆகவே இணையத்துக்கு லினக்ஸ், பழைய பக்கங்களுக்கு விண்டோஸ். மெய்நிகர் கணினி போதுமே என்பார் சிலர். 4 ஜிபி நினைவகத்தை இரண்டு முறைமைகள் ஒரே நேரத்தில் பங்குபோட்டால் இரண்டுமே நொண்டும்.

எனது கோபம் வேறிடத்தில். உபுண்டு, மின்ட் போன்றவற்றை நிறுவும்போது, அவை விண்டோஸ் இருப்பதைக் கண்டு, அதன் அருகில் குடியேறவா என்று கேட்கின்றன. விண்டோஸுக்கு அந்த நாகரிகம் இல்லை. லினக்ஸ் பகுதிக்கு ஓர் எழுத்தைக் கொடுத்துத் திறக்க முயன்றால், போமற் செய்யவேண்டும் என்கிறது. அயல்வீட்டில் ஆள் இருப்பதைப் பாராமல், இடித்துக் கட்டுவோமா என்று கேட்பது இது.

2024 ஓகஸ்ட்டில் நடந்தது இதனினும் மோசம். குறைபாடுள்ள பழைய தொடக்க நிரல்களைத் தடுக்க மைக்ரோசொப்ட் ஓர் இற்றைப்படுத்தலை வெளியிட்டது. நோக்கம் நியாயமானதே, குறைபாடும் மெய்யானதே. இரு முறைமைகள் உள்ள கணினிகளை இது தொடாது என்றார்கள். தொட்டது. பலரது லினக்ஸ் தொடங்கவே மறுத்தது. முழுமையான தீர்வு 2025 மே மாதத்தில்தான் வந்தது. ஒன்பது மாதங்கள்! யாழ்ப்பாணத்தில் இரவோடிரவாகக் கதியாலைப் பிடுங்கி அரையடி தள்ளி நடுபவன்கூட, விடிந்ததும் விதானையாருக்குப் பதில் சொல்லவேண்டும். இங்கே காணி உறுதி வாங்கியவர் பெயரில், வேலி மட்டும் விற்றவர் கையில்.

தம்பியிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. விண்டோஸுக்கு 150, லினக்ஸுக்கு 60, மீதி இரண்டுக்கும் பொது என்று கடதாசியில் எழுதிக் கொடுத்தேன். பிரிப்பதற்கு முன்னர் எனது பக்கங்கள் முழுவதையும் வெளி வன்தட்டொன்றில் பிரதி எடுக்கச் சொன்னேன். "ஒண்டும் அழியாது ஐயா" என்றார். பிரதி எடுத்து முடியும்வரை நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.