பூவிருந்தால் போதுமா?

பட்டாம்பூச்சியைப் போற்றாதார் எவருமிலர். அதன் புழுவைப் போற்றுவாரோ மிக அரியர். சிறகின் அழகை வியந்து நிற்போரே, அச்சிறகிற்கு முதலாகிய புழு மேயும் செடியைக் களையென்று பிடுங்கி எறிகின்றனர். அரிய பட்டாம்பூச்சியினங்கள் நகரங்களினின்று மறைவதற்கு இவ்வறியாமையும் ஒரு வேராகும். இதனை ஐயந்திரிபற விளக்குவது, அமெரிக்க நாட்டின் மேலைக் கடற்கரை நகராகிய சான்பிரான்சிசுகோவின் பட்டறிவு.

அந்நகரின் மேற்குப் பகுதி ஒருகாலத்தே மணல்மேடாக விளங்கியது. அம்மணலில் தழைத்த அவரையினச் சிறுசெடிகளை உண்டு வாழ்ந்தது செர்சசு நீலம் என்னும் பட்டாம்பூச்சி. 1852-இல் அறிவியலார் பெயரிட்டு விளக்கிய அவ்வினம், ஒரு நூற்றாண்டு நிறையுமுன்னரே, 1940-களின் தொடக்கத்தில் பூண்டற்றுப் போயிற்று. மணல்மேடுகளின்மேல் வீடும் தெருவும் எழுந்தன. 1870-களில் தொடங்கிக் கோல்டன்கேட் பூங்காவும் அம்மணலை மூடிப் புற்றரையாகவும் மரச்சோலையாகவும் விரிந்தது. பூங்காவே பூச்சிக்குப் பகையாதலும் உண்டென்பதை இங்குக் காண்க. ஊசியிற் குத்தி அருங்காட்சியகங்களில் வைத்த உடல்களே இன்று அவ்வினத்தின் எச்சம்.

சிறகுடைய பூச்சி வேறிடம் பறந்து பிழைத்துக்கொள்ளாதோ எனின், கொள்ளாது. அந்நகரிலுள்ள துவின் பீக்சு என்னும் இரட்டைக்குன்றுப் பூங்காவிற்குரிய மிசன் நீலத்தையே எடுத்துக்கொள்வோம். சிறகு விரித்தால் ஓரங்குலத்திற்குச் சற்றே மிகும் சிற்றுயிர் அது. உலூப்பின் என்னும் அவரையினச் செடிவகை மூன்றின்மேலேதான் அது முட்டையிடும். முட்டையினின்று வெளிப்பட்ட புழு சிலநாள் இலையைத் தின்று, பின் அச்செடியின் அடியிலேயே சருகைப் போர்வையாகக் கொண்டு, அடுத்த இளவேனில்வரை உறங்கிக் கிடக்கும். விழித்தபின் மீண்டும் மேய்ந்து, கூட்டுப்புழுவாகிச் சிறகு பெற்றுப் பறப்பதோ ஏறத்தாழ ஒரு கிழமையே! புழு சுரக்கும் இனிய நீரை எறும்புகள் உண்டு, கைம்மாறாக அதனைப் பகைப்பூச்சிகளினின்று காக்கின்றன. எனவே, பட்டாம்பூச்சியென்பது சிறகு மட்டுமன்று. செடியும் சருகும் மண்ணும் எறும்பும் கூடிய ஒரு வாழ்க்கை என்றறிக.

இனி, மாற்றார் கூற்றுகளைக் காண்போம். "பல்வகைப் பூச்செடிகளை நட்டால் போதாதா?" என்பர் சிலர். போதாது. தேன் பலவகைப் பூவிலும் கிடைக்கும். முட்டையிடுதற்குரிய செடி வேறெங்கும் கிடையாது. அச்செடியில்லாப் பூந்தோட்டம் பட்டாம்பூச்சிக்கு உண்டிச்சாலையேயன்றி வீடன்று. "பூங்கா மக்களுக்கன்றோ?" என்பர் வேறு சிலர். மக்களை வெளியேற்றுமாறு எவர் கூறினார்? வகுத்த பாதையில் நடமின், செடியடியை மிதியாதீர் என்பதே வேண்டுகோள். உறங்கும் புழு மிதியடிக்குத் தப்பி ஓடவல்லதோ?

"மரத்தை வெட்டிக் களைக்கொல்லி தெளிப்பதா இயற்கைக் காப்பு?" என்பதே அவர் கூற்றுள் வலிமை வாய்ந்தது. களைக்கொல்லி பற்றிய அச்சம் புறந்தள்ளத் தக்கதன்று. இயன்றவிடமெல்லாம் கையாற் களையெடுத்தலே நன்று. ஆயின், மரம் நின்றவிடமெல்லாம் இயற்கையென்பது மயக்கம். கடற்காற்று வீசும் அந்நகர்க் குன்றுகளின் இயல்பான போர்வை புல்லும் குறுஞ்செடியுமே. 19-ஆம் நூற்றாண்டில் ஆத்திரேலிய யூகலிப்டசு மரங்களைக் கொணர்ந்து அவற்றுள் பலவற்றின்மேல் நட்டனர். வெயிலை நாடும் உலூப்பின் மரநிழலிலும் புதரடியிலும் தழைக்குமோ?

இழந்ததை மீட்டல் எளிதென்று கருதற்க. அமெரிக்க நடுவணரசு 1976-இலேயே மிசன் நீலத்தை அழிவின் விளிம்பிலுள்ள இனமாக அறிவித்துச் சட்டக் காப்பளித்தது. அங்ஙனமிருந்தும், 1998-இன் பெருமழையை அடுத்துப் பூஞ்சணம் பற்றி இரட்டைக்குன்றின் உலூப்பின் செடிகள் மடிந்தன. அவற்றோடு பூச்சியும் அங்கு மறையலாயிற்று. நகரின் தெற்கிலுள்ள சான்புருனோ மலையில் அவ்வினம் எஞ்சியிருந்தமையாலன்றோ, 2009-இல் ஆண்டிருந்து பெண்பூச்சிகளைக் கொணர்ந்து விட முடிந்தது? செர்சசு நீலத்திற்கு அத்தகைய எச்சமும் இல்லை. பிரெசிடியோ பூங்காவில் மணல்மேட்டைத் திருத்திச் செடிகளை வளர்த்தபின்னும், 2024-இல் தெற்கே மாண்டெரி வட்டாரத்தினின்று அதன் உறவினமொன்றைக் கொணர்ந்துவிட நேர்ந்தது. வீடு அணியமாயிற்று; வீட்டுக்குரியவனோ மாண்டொழிந்தான்!

ஆகலின், பூங்கா அமைப்போர்க்கும் ஆள்வோர்க்கும் நாம் கூறுவது இதுவே: புற்றரைக்கும் ஆடுகளத்திற்கும் வேண்டுமட்டும் இடங்கொள்க. எஞ்சிய பழநிலத்தையேனும் அதன் செடியோடும் சருகோடும் காத்து நிற்க. களையென்று ஒரு செடியைப் பிடுங்குமுன், அதனை உண்ணும் உயிர் யாதென வினவுக. வினவாது பிடுங்கும் கை, பட்டாம்பூச்சியின் சிறகையே பிய்க்கும் கையென்க.