கடைசியாகத் திறந்த கதவு

தேதிகள் முதலிலே பேசட்டும், தோழர்களே. பிறகு நாம் பேசுவோம்.

2020 ஆகஸ்ட் 18-ஆம் நாள் சென்னையிலே மதுக்கடைகள் திறந்தன. செப்டம்பர் முதல் நாள் கோயில்கள் திறந்தன. நவம்பர் 10-இல் திரையரங்குகள் திறந்தன. 2021 ஏப்ரல் 6-இல் வாக்குச்சாவடிகள் திறந்தன. அதற்கு முந்திய வாரங்களிலே தெருவுக்குத் தெரு கூட்டம், தோளோடு தோள் உராயும் கூட்டம், கொடியோடும் கோஷத்தோடும் கூட்டம். இரண்டாவது அலை வந்தது, எல்லாம் மூடின. அலை தணிந்தது, சூன் 14-இல் மீண்டும் மதுக்கடை திறந்தது, ஆகஸ்ட் 23-இல் மீண்டும் திரையரங்கு திறந்தது. ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குப் பள்ளிக் கதவு திறந்தது எந்நாள்? 2021 நவம்பர் முதல் நாள்! பத்தொன்பது மாதங்களுக்கு மேல் பூட்டிக் கிடந்தது பாலர் வகுப்பு. குடிப்பவன்பால் அத்துணை விரைந்து சுரந்த கருணை, படிப்பவன்பால் சுரக்க ஏன் இத்துணைத் தாமதம்?

ஒரு கட்சியைத் தூற்றி மற்றொரு கட்சியைப் போற்ற எழுதப்படுவதன்று இது. அந்தப் பத்தொன்பது மாதங்களிலே ஆட்சி ஒரு முறை மாறிற்று, பூட்டு மாறவில்லை. ஆள்பவர் எவராயினும், அதிகாரி எவராயினும், அவர்தம் உள்ளத்திலே ஊறிப் போன எண்ணம் ஒன்று உண்டு: ஏழை வீட்டுப் பிள்ளையின் பள்ளி, நாட்டின் அவசியங்களிலே கடைசி அவசியம் என்பது. அந்த எண்ணத்தோடுதான் எனக்கு வழக்கு.

மூடியதே குற்றம் என்று வாதாட வரவில்லை நான். 2020 மார்ச்சிலே அந்த நோயின் போக்கு எவர்க்கும் முழுமையாகத் தெரியாது. எங்கள் இராயபுரம் மண்டலம் அந்தக் கோடையிலே சென்னை மாநகரின் தொற்றுப் பட்டியலில் முதலிடத்திலே நின்றது. ஸ்டான்லி மருத்துவமனையைக் கடந்து செல்லும் தெருவிலே ஊர்தியின் ஓலம் ஓயாத நாட்கள் அவை. தொற்றுநோய்க்கென்றே தண்டையார்பேட்டையிலே மருத்துவமனை கண்ட வட்டாரம் இது. நோயின் கொடுமையை எங்களுக்கு எவரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. அந்த நாளிலே கதவை அடைத்தது அறிவு. ஆனால், நாளுக்கு நாள் நோயைப் பற்றிய அறிவு வளர்ந்தபோது, அடைத்த கதவைப் பற்றிய அறிவு ஏன் வளரவில்லை?

“உயிர் இருந்தால்தானே படிப்பு?” என்று கேட்டனர். கேட்பதற்கு எவ்வளவு இனிமையாக இருக்கிறது! வீட்டிலே இருந்தால் பிள்ளைக்கு உயிர் உறுதி என்றல்லவா அந்தக் கேள்விக்குப் பொருள்? எந்த வீட்டிலே, ஐயா? பத்தடிக்குப் பத்தடி அறை. அதிலே தாய், தந்தை, பாட்டி, மூன்று பிள்ளைகள். அடுப்பும் அங்கேயே, படுக்கையும் அங்கேயே. காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும் வரிசை வீடுகளைக் கண்டவர் எவரும், “விலகியிரு” என்ற அறிவுரையைக் கேட்டுச் சிரிக்காதிருந்திரார். ஆறு பேர் உறங்கும் அந்த அறையைக் காட்டிலும், உயர்ந்த கூரையும் நான்கு சன்னல்களும் உள்ள மாநகராட்சிப் பள்ளியின் வகுப்பறை ஆபத்தானது என்று எந்தக் கணக்கு சொல்லிற்று?

துறைமுகம் நின்றதா? நிற்கவில்லை, அத்தியாவசியம் என்றனர். மின் நிலையம் நின்றதா? நிற்கவில்லை, அத்தியாவசியம் என்றனர். தந்தை மூட்டை தூக்கப் போனான், கண்டெய்னர் லாரி ஓட்டப் போனான். மாலையிலே அதே அறைக்குத் திரும்பினான். நோயும் உடன் திரும்பியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2021 சூன், சூலைத் திங்களிலே நாடெங்கும் குருதி எடுத்துச் சோதித்தது. ஆறு முதல் ஒன்பது அகவையுள்ள குழந்தைகளிலே நூற்றுக்கு 57 பேர் உடலில், அந்த நோய் தீண்டிய தடம் கிடந்தது. பள்ளிக்கே போகாத குழந்தைகள், தோழர்களே! பள்ளியைப் பூட்டினோம், நோய் வீட்டு வழியாக வந்தது. வந்த நோயை நாம் தடுக்கவில்லை. வரவேண்டிய எழுத்தைத்தான் தடுத்தோம்.

அதே கழகத்தின் தலைவர் 2021 சூலையிலே வெளிப்படையாகச் சொன்னார்: திறப்பதானால் தொடக்கப் பள்ளிகளை முதலிலே திறப்பது நன்று, சிறு குழந்தைகள் இந்த நோயைப் பெரியவரினும் எளிதாகத் தாங்குகின்றனர் என்று. டென்மார்க்கு நாடு 2020 ஏப்ரல் 15-ஆம் நாளே அப்படிச் செய்தது. சின்னஞ்சிறுவரை முதலிலே அழைத்தது. சிறு சிறு குழுவாகப் பிரித்தது. இயன்ற மட்டும் திறந்த வெளியிலே அமர்த்திற்று. இங்கே நடந்தது என்ன? 2021 சனவரி 19-இல் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் திறந்தன. பிப்ரவரி 8-இல் ஒன்பதும் பதினொன்றும். செப்டம்பர் முதல் நாள் மீண்டும் ஒன்பது முதல் பன்னிரண்டு. ஒன்றாம் வகுப்பு வரிசையின் கடைசியிலே!

ஏன் இந்தத் தலைகீழ் வரிசை? பத்துக்கும் பன்னிரண்டுக்கும் பொதுத் தேர்வு உண்டு. ஒன்றாம் வகுப்புக்கு இல்லை. அவ்வளவே காரணம். பிள்ளையைக் கண்டு திறக்கவில்லை கதவை; தேர்வைக் கண்டு திறந்தனர். அந்தத் தேர்வாவது நடந்ததா? பிப்ரவரி 25-இல், ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்பினர் அனைவரும் தேர்வின்றியே தேர்ச்சி என்று அறிவிப்பு வந்தது. சூன் 5-இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வும் கைவிடப்பட்டது. தேர் வருகிறதென்று தெருவை அகலப்படுத்தினர். தேரும் வரவில்லை, தெருவிலே நின்ற குழந்தைக்கும் வழியில்லை.

2020 சூனிலே ஒன்றாம் வகுப்பிலே பெயர் எழுதப்பட்ட குழந்தையை எண்ணிப் பாருங்கள். அது முதன்முதலாக வகுப்பறையிலே கால் வைத்தபோது, அதன் பெயர் இரண்டாம் வகுப்புப் பதிவேட்டிலே இருந்தது. அகரத்தைக் காணாமலே ஆண்டு ஒன்று போயிற்று! நான் ஆசிரியப் பணிக்கு வந்தபோது எனக்கு வாய்த்த ஆறாம் வகுப்பினர், நான்காம் வகுப்பு என்ற ஒன்றையே அறியாதவர்கள். பதினோரு வயதுப் பையன் வகுத்தல் கணக்கின் முன்னே, வேற்றூர்த் தெருவிலே வழி தவறியவன் போல நிற்கிறான். மக்கு என்று எழுதிவிட்டுப் போவது எளிது. அவன் மக்கு அல்லன். வழியை அடைத்தவர்கள் நாம்.

“பள்ளி மூடினால் என்ன? கல்வித் தொலைக்காட்சி இருந்ததே! கைப்பேசி வகுப்பு நடந்ததே!” என்பார் உளர். நடந்தது, யாருக்கு? 2021 ஆகஸ்டிலே, தமிழ்நாடு உட்படப் பதினைந்து மாநில, ஆட்சிப் பகுதிகளிலே ஏழை வீட்டுப் பிள்ளைகளைக் கண்டு கேட்ட ஆய்விலே, நகர்ப்புறத்தில் நூற்றுக்கு 24 பேரும் சிற்றூரில் நூற்றுக்கு 8 பேருமே ஒழுங்காக இணைய வழியிலே பயின்றனர் என்று தெரிய வந்தது. வீட்டுக்கு ஒரே கைப்பேசி. அதைத் தந்தை வேலைக்கு எடுத்துச் செல்கிறார். இரவிலே வரும்போது அதிலே மின்னூட்டம் இல்லை, பிள்ளையிடம் விழிப்பு இல்லை. தமிழகச் சிற்றூர்களிலே மூன்றாம் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கக்கூடியவர், 2018-இல் நூற்றுக்குப் பத்துப் பேர். 2022-இல் ஐந்து பேர். பத்தே வெட்கத்துக்குரிய எண், அதையும் பாதியாக்கினோம்.

‘இல்லம் தேடிக் கல்வி’ வந்தது, 2021 அக்டோபர் 27-இல். நல்ல திட்டம், நெஞ்சாரப் பாராட்டுகிறேன். மாலை வேளையிலே, திண்ணையிலும் மன்றத்திலும், இருபது பிள்ளைகளைச் சுற்றி அமர்த்தி எழுத்துக் கற்பித்த தன்னார்வலர் பெண்கள் பலர், கூலியை எண்ணாது உழைத்தனர். ஆனால், ஒரு கேள்வி. திண்ணையிலே இருபது பிள்ளைகள் அமரலாம் என்றால், பள்ளியின் மரத்தடியிலே அமரக் கூடாதா? 2020-ஆம் ஆண்டின் இறுதியிலேயே, தொற்று தணிந்திருந்த அந்தத் திங்கள்களிலேயே, பயிற்சி பெற்ற ஆசிரியரைக் கொண்டே, அதே திண்ணைப் பள்ளியை நடத்தியிருக்கக் கூடாதா?

சோற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1920-இல், மாநகராட்சியின் தலைவராயிருந்த தியாகராயர், இந்த வடசென்னை மண்ணின் மைந்தர், ஆயிரம் விளக்குப் பள்ளியிலே பகலுணவைத் தொடங்கினார், ஒரு பிள்ளைக்கு ஒரு அணா மேற்படாத செலவிலே. பள்ளி என்பது பலகையும் எழுத்தும் மட்டுமன்று, பசிக்கும் அங்கே பதில் உண்டு என்று நூறாண்டுக்கு முன்பே கண்ட நகரம் இது. நூறாம் ஆண்டிலே அந்த அடுப்பு அணைந்தது! உலர் அரிசியும் பருப்பும் வீட்டுக்குத் தந்தனர், மறுக்கவில்லை. வேலையிழந்த வீட்டிலே அந்த அரிசி ஆறு பேரின் பானைக்குப் போயிற்று. போகாமல் என்ன செய்யும்?

இனி, “பாதுகாப்பாகத் திறப்பது” என்பதைப் பார்ப்போம். கை கழுவு, கிருமிநாசினி தெளி, நெற்றியிலே வெப்பமானி காட்டு: இவைதாம் பாதுகாப்பு என்று எண்ணினர். நோயோ காற்றிலே வந்தது. 239 அறிவியலாளர் 2020 சூலையிலேயே உலக சுகாதார நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி எச்சரித்தனர். தரையைத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கிவிட்டுச் சன்னலைச் சாத்தி வைத்தால் பயன் என்ன? காசநோய்க்கு அஞ்சிய காலத்திலே, 1904-இல் பெர்லின் அருகே சார்லாட்டன்பர்க்கிலும், 1908-இல் அமெரிக்காவின் பிராவிடன்சிலும், திறந்தவெளிப் பள்ளிகள் கண்டனர் பிறநாட்டார். குளிரிலே கம்பளி போர்த்திக்கொண்டு படித்தார்கள் பிள்ளைகள். நமக்குக் கம்பளியும் வேண்டாம், சன்னல் போதும்.

சன்னலைத் திறக்கலாம், தோழர்களே, மயிலாப்பூரிலே. எண்ணூரிலே திறந்தால் நிலக்கரிச் சாம்பல் வருகிறது. மணலிப் பக்கத்துக் காற்று அடித்தால் எண்ணெய் ஆலையின் நெடி வருகிறது. 2023 திசம்பர் 26 நள்ளிரவு, பெரியகுப்பத்திலும் சின்னகுப்பத்திலும் அம்மோனியா கசிந்து மக்கள் இருளிலே ஓடினர். 2024 அக்டோபர் 25-இல், திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியிலே வாயுவின் நெடியால் முப்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் மயங்கி, மூச்சுத் திணறி, மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லப்பட்டனர். பள்ளியை மூடினர். ஆய்ந்தனர் என்றனர். நவம்பர் 4-இல் திறந்தனர். திறந்த அன்றைக்கே மீண்டும் மாணவியர் மயங்கினர்! மீண்டும் மூடினர். கொள்ளை நோய்க்காலத்திலே கற்க வேண்டிய பாடத்தை நாம் கற்கவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா? பெற்றோர் பள்ளி வாயிலிலே நின்று கேட்டது ஒன்றே: காற்று நன்று என்று சொன்னவர் யார், அளந்தது எந்தக் கருவி, எழுதியது எந்த ஏடு?

2020 நவம்பரிலே பெற்றோரைக் கூட்டி, “பள்ளியைத் திறக்கலாமா?” என்று கருத்துக் கேட்டனர். அஞ்சியவர் பலர், திறப்பு தள்ளிப் போயிற்று. மக்கள் விரும்பவில்லை என்று அரசு கையை உதறிக்கொள்ள அது வாய்ப்பாயிற்று. என்ன செய்து திறக்கப் போகிறோம் என்று ஒரு சொல் சொல்லாமல், திறக்கலாமா என்று மட்டும் கேட்டால், எந்தத் தாய் சரி என்பாள்? எத்தனை பிள்ளை ஓர் அறையிலே, எத்தனை சன்னல், எவ்வளவு நேரம், நோய் கண்டால் எந்த வகுப்பு மட்டும் எத்தனை நாள் மூடப்படும் என்று எழுதிக் கையிலே கொடுத்துவிட்டுக் கேட்டிருக்க வேண்டும்.

ஆகவே நான் கேட்பது பெரிய ஆலையன்று, பெரிய நிதியன்று. அடுத்த நோய் வருமுன்னே எழுதி வைக்கட்டும் அரசு: மூடும்போது பாலர் வகுப்பு கடைசி, திறக்கும்போது பாலர் வகுப்பு முதல்; மதுக்கடைக்கு முன்னே, திரையரங்குக்கு முன்னே. அறையின் கரியமில வாயுவை அளக்கும் கையளவு கருவி ஒன்று போதும், மூச்சுக் காற்று தேங்கியிருக்கிறதா என்று காட்ட. வெளியிலே 420 என்றிருக்கும் எண், உள்ளே ஆயிரத்தைத் தாண்டினால் பிள்ளைகளை முற்றத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டியதுதான். எண்ணூர் முதல் இராயபுரம் வரை, ஒவ்வொரு பள்ளியின் வாயிலிலும் ஆலைக் காற்றை அளக்கும் கருவி வேறு வேண்டும். அதற்கான செலவை, புகைபோக்கி வைத்திருப்பவர் தரட்டும். அந்த எண்களை அலுவலகப் பேழையிலே பூட்ட வேண்டாம். வருகைப் பதிவை எழுதும் அதே கரும்பலகையிலே, காலையிலே, பிள்ளைகள் கண்ணெதிரே எழுதுவோம். சுண்ணக்கட்டி எங்களிடம் இருக்கிறது.